பழைய மடிக்கணினியும் அதன் நினைவகமும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அதனைச் சிறப்புறச் செய்துவிட்டார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்போ சற்று வேறுபட்டது. பழைய மடிக்கணினிகளில் உள்ள நினைவகப் பலகையை இனம் காண்பது எப்படி, அதனைக் கூட்டிக் கணினியை மீண்டும் உழைக்கச் செய்வது எப்படி என்பதே அத்தலைப்பு. நான் வரலாறு பயின்ற கலைப் பட்டதாரி, பொறியாளன் அல்லன். ஆயினும் ஒரு கலைப் பட்டதாரிக்குப் புரிந்த செய்தி பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் புரியும் என்னும் துணிவோடு பேச முற்படுகிறேன்.

தலைப்பின் தேவை

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. நம் குடியிருப்புகளில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. அவற்றுள் பல இன்று பரணிலும் பெட்டிக்கு அடியிலும் உறங்குகின்றன. "ஓடுகிறது ஐயா, ஆனால் மிகவும் மெதுவாக ஓடுகிறது" என்பார்கள். சில, "உயிரே இல்லை" என்று கைவிடப்பட்டவை. நகரத்து அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை நன்கொடையாகப் பெற்று மாலைநேரப் படிப்பு மையங்களில் வைத்திருப்போரும் உண்டு.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும், தேர்வாணையத் தேர்வுக்குப் பதிவு செய்யவும், கல்லூரிச் சேர்க்கைக்கு மனுச் செய்யவும் இன்று கணினி வேண்டும். கைப்பேசியின் சிறு திரையில் படிவத்தை நிரப்பி, ஒரு எழுத்துப் பிழையால் உதவித்தொகையை இழந்து நிற்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அனைவரும் அறிவர். வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தும் அது பயன்படாமல் கிடக்கிறது என்றால், அந்தத் தடையைக் களைவது கல்விப் பணி அன்றோ? அத்தடை பல வேளைகளில் விரல் நீளப் பலகை ஒன்றில்தான் இருக்கிறது. எனவேதான் இத்தலைப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டேன்.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். "என் கணினியில் 320 ஜி.பி. நினைவகம் இருக்கிறது" என்று மாணவர் சொல்வதுண்டு. அவர்கள் குறிப்பிடுவது வன்தட்டு, அது சேமிப்பகம். நாம் இங்குப் பேசும் நினைவகம், கடைத்தெருவில் 'ரேம்' என்று வழங்குவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வகுப்பறையில் உள்ள கரும்பலகைக்கும் அலமாரிக்கும் உள்ள வேறுபாடு. அலமாரியில் ஆயிரம் நூல்கள் இருக்கலாம். பாடம் நடத்தும்போது தேவையானதைக் கரும்பலகையில்தான் எழுதுகிறோம். மணி அடித்ததும் பலகை துடைக்கப்படுகிறது. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிறது. அலமாரியில் உள்ளவை அப்படியே இருக்கும்.

கரும்பலகை சிறியதாக இருந்தால் என்ன நேரும்? பாதி எழுதியதும் இடம் தீர்ந்துவிடும். எழுதியதை ஒரு தாளில் படியெடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பலகையைத் துடைத்து மேலே எழுதவேண்டும். பழையது வேண்டுமென்றால் மீண்டும் அலமாரிக்கு நடக்கவேண்டும். நினைவகம் போதாத கணினி செய்வதும் இதுவே. அது இடைவிடாமல் வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே நடக்கிறது. வன்தட்டு விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருக்க, திரை அசையாமல் நிற்பதன் பொருள் இதுதான். கணினி சோம்பேறி அன்று. அதன் கரும்பலகை சிறியது.

ஒரு சிறு வரலாறு

வரலாற்று ஆசிரியன் வரலாற்றைத் தொடாமல் போக இயலாது. இன்றைய நினைவகத்தின் அடிப்படை, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1966இல் கண்ட கருத்து. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு துணுக்குச் செய்தியைத் தாங்கும் என்று அவர் கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போல் கசிந்துவிடும். ஆதலால் அதனை நொடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். 1970இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 துணுக்குகளைத் தாங்கியது. ஓர் எழுத்துக்கு எட்டுத் துணுக்குகள் என்று கொண்டால், 128 எழுத்துகள்! இன்று கழித்துக் கட்டப்படும் 2 ஜி.பி. பலகையோ இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைத் தாங்குவது. நாம் எதனைக் குப்பை என்கிறோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தலைமுறைகளை அறிதல்

மடிக்கணினிக்கான நினைவகப் பலகை மேசைக் கணினிக்குரியதைவிடக் குட்டையானது; 'எஸ்.ஓ.டிம்' என்பது அதன் பெயர். அதன் அகலம் ஏறத்தாழ 67.6 மில்லிமீட்டர். ஓரத்தில் பொன்னிறத் தொடுதகடுகள் வரிசையாக இருக்கும். அவ்வரிசையின் இடையே ஒரு வெட்டு இருக்கும். தகடுகளின் எண்ணிக்கை, வெட்டின் இடம், மின்னழுத்தம் ஆகிய மூன்றும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவை வருமாறு:

1. எஸ்.டி. ரேம்: 144 தகடுகள், 3.3 வோல்ட். 1990களின் இறுதி முதல் 2000களின் தொடக்கம் வரை வந்த கணினிகளில் காணலாம்.

2. டி.டி.ஆர்.: 200 தகடுகள், 2.5 வோல்ட்.

3. டி.டி.ஆர். 2: இதற்கும் 200 தகடுகளே, ஆனால் 1.8 வோல்ட். ஏறத்தாழ 2005 முதல் 2009 வரையிலான கணினிகளில் மிகுதி.

4. டி.டி.ஆர். 3: 204 தகடுகள், 1.5 வோல்ட். இதன் குறைமின்னழுத்த வகையான டி.டி.ஆர். 3 எல்., 1.35 வோல்ட்டில் இயங்கும்.

5. டி.டி.ஆர். 4: 260 தகடுகள், 1.2 வோல்ட். இதன் அகலம் 69.6 மில்லிமீட்டர்.

6. டி.டி.ஆர். 5: 262 தகடுகள், 1.1 வோல்ட். இது பழைய கணினிக்குரியது அன்று. பட்டியல் நிறைவுற வேண்டிக் கூறினேன்.

ஒரு தலைமுறைப் பலகை மற்றொரு தலைமுறைக் கணினியில் இயங்காது. வெட்டின் இடத்தை மாற்றி வைத்திருப்பது தவறானதைச் செருகாமல் தடுப்பதற்காகவே. ஆனால் டி.டி.ஆர்., டி.டி.ஆர். 2 ஆகிய இரண்டிலும் தகடுகள் 200. வெட்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில், நூலிழை வேறுபாட்டில் இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து "இது பொருந்தும்" என்று அழுத்துவோர் பலகையையும் கணினியையும் ஒருங்கே கெடுப்பர். செருகுமிடம் ஏற்க மறுத்தால் வலிமையைக் காட்டாதீர்கள். அது 'நான் உனக்கு உரியவன் அல்லன்' என்று சொல்கிறது.

ஒட்டுத்தாளைப் படிக்கும் கலை

பலகையின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். பொதுமக்களுக்கு அது மந்திர எழுத்துப்போல் தோன்றும். உண்மையில் அது ஒரு மாணவனின் மாற்றுச் சான்றிதழைப் போன்றது. ஊர், வகுப்பு, வயது எல்லாம் அதில் உண்டு. எடுத்துக்காட்டாக, '4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600எஸ்-9' என்று இருப்பதாகக் கொள்வோம். ஒட்டுத்தாளில் இது ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இதனைப் பிரித்துப் படிப்போம்.

'4ஜிபி' என்பது கொள்ளளவு. 'பிசி3' என்பது டி.டி.ஆர். 3 தலைமுறை; 'பிசி2' என்றிருந்தால் டி.டி.ஆர். 2. 'பிசி3' என்பதை அடுத்து 'எல்' என்னும் எழுத்து இருந்தால் அது 1.35 வோல்ட் வகை. '10600' என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட்டுகளைக் கடத்தும் என்பதன் அளவு. இறுதியில் உள்ள 'எஸ்' மடிக்கணினிப் பலகை என்பதைக் காட்டும்.

இந்த எண்ணைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். நினைவகம் ஒரு தடவைக்கு 64 துணுக்குகளை, அதாவது 8 பைட்டுகளைக் கடத்துகிறது. நொடிக்கு 133 கோடியே 30 இலட்சம் தடவை கடத்துவது 1333 எனப்படும் வேகம். 1333ஐ 8ஆல் பெருக்கினால் 10,664. இதனையே சுருக்கி 10600 என்றார்கள். 1600ஐ 8ஆல் பெருக்கினால் 12800. 667ஐ 8ஆல் பெருக்கினால் 5336. அது 5300 ஆயிற்று. ஆகவே 'பிசி2-5300' என்பதும் 'டி.டி.ஆர். 2-667' என்பதும் ஒன்றே. இரு பெயர் இருப்பதால் இரு பொருள் என்று கருதிக் கடைக்காரரோடு வாதிடவேண்டுவதில்லை. பழைய எஸ்.டி. ரேமில் மட்டும் 'பிசி100', 'பிசி133' என்பவை கடத்தும் அளவைக் குறிப்பன அல்ல. மெகாஹெர்ட்ஸ் வேகத்தையே குறிப்பன.

'2ஆர்எக்ஸ்8' என்பதில் 'எக்ஸ்8' ஒவ்வொரு சில்லும் 8 துணுக்குகளைத் தருவதைக் குறிக்கும். 64 துணுக்குகளுக்கு எட்டுச் சில்லுகள் சேர்ந்து ஓர் அணி. '2ஆர்' என்றால் இரண்டு அணிகள். மொத்தம் பதினாறு சில்லுகள். '1ஆர்' என்றால் ஓர் அணி, எட்டுச் சில்லுகள். இந்தச் செய்தி எதற்கு என்று கேட்பீர்கள். அதன் பயன் பின்னர் விளங்கும்.

ஒட்டுத்தாள் கிழிந்து, உற்பத்தியாளரின் உறுப்பு எண் மட்டும் எஞ்சியிருப்பதும் உண்டு. சாம்சங் பலகைகளில் 'எம்470டி' என்று தொடங்குவது டி.டி.ஆர். 2, 'எம்471பி' என்று தொடங்குவது டி.டி.ஆர். 3. ஹைனிக்ஸ் பலகைகளில் 'எச்ஒய்எம்பி' என்பது டி.டி.ஆர். 2, 'எச்எம்டி' என்பது டி.டி.ஆர். 3. தாள் அறவே இல்லையென்றால், தகடுகளின் எண்ணிக்கையும் வெட்டின் இடமும் சில்லின் மேல் பொறித்த எண்ணுமே துணை.

கணினியைத் திறக்காமலும் அறியலாம். ஒவ்வொரு பலகையிலும் அதன் விவரத்தைத் தாங்கிய சிறு சில்லு ஒன்று உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தில் 'சிபியு-இசட்' என்னும் இலவச மென்பொருளும், லினக்ஸில் 'டிஎம்ஐடிகோட்' என்னும் கட்டளையும் எத்தனை செருகுமிடங்கள், எவ்வளவு கொள்ளளவு, என்ன வேகம் என்பனவற்றைச் சொல்லிவிடும்.

கணினியின் வரம்பு

பலகையை அறிந்தால் போதாது. கணினி எவ்வளவு ஏற்கும் என்பதையும் அறியவேண்டும். அகலாத வாயில் பெரிய கவளத்தைத் திணிக்க இயலாது. வரம்புகள் மூன்று.

முதலாவது, தாய்ப்பலகையில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லுத் தொகுதியின் வரம்பு. 2006இல் வந்த திங்க்பேட் டி60 கணினியில் இரண்டு செருகுமிடங்கள் உண்டு. இரண்டிலும் இவ்விரண்டு ஜி.பி. வைத்தாலும் அது ஏறத்தாழ 3 ஜி.பி.யே காணும், அதில் உள்ள இன்டெல் 945 தொகுதியின் இயல்பு அது. 2008இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200, டி.டி.ஆர். 3 வகையில் 8 ஜி.பி. வரை ஏற்கும். 2011இல் வந்த எக்ஸ்220க்கு உற்பத்தியாளர் கூறிய வரம்பு 8 ஜி.பி.யாக இருந்தும், நடைமுறையில் 16 ஜி.பி. இயங்குகிறது. கணினியின் அடிப்பாகத்தில் உள்ள வகை எண்ணைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளர் வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படித்தல் நலம். ஐ.பி.எம்., லெனோவா நிறுவனங்களின் கையேடுகள் எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்றவேண்டும் என்பதைப் படத்தோடு சொல்கின்றன.

இரண்டாவது, சில்லின் அடர்த்தி பற்றிய வரம்பு. சில்லுகளின் எண்ணிக்கை இங்குத்தான் பயன்படுகிறது. 2000இல் வந்த திங்க்பேட் டி20 போன்ற கணினிகள் ஒரு சில்லுக்கு 128 மெகாபிட்டுக்கு மேல் அறியா. 256 எம்.பி. பலகையில் பதினாறு சில்லுகள் இருந்தால் முழுவதும் தெரியும். அதே கொள்ளளவு எட்டுச் சில்லுகளில் அடங்கியிருந்தால் பாதியே தெரியும். எக்ஸ்200இலும் இவ்வாறே, 4 ஜி.பி. பலகை பதினாறு சில்லுகள் கொண்டதாக இருத்தல் வேண்டும். எட்டுச் சில்லுப் பலகையை வைத்தால் கணினி எழாது. உடனே "பலகை கெட்டது" என்பர். பலகை கெடவில்லை, இருவருக்கும் மொழி ஒத்துவரவில்லை. அதனையே புதிய கணினியில் வைத்தால் செவ்வனே இயங்கும்.

மூன்றாவது, இயங்குதளத்தின் வரம்பு. 32 பிட் இயங்குதளம் எண்ணக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜி.பி. அதிலும் ஒரு பகுதியைக் கணினியின் மற்ற உறுப்புகளுக்கு ஒதுக்கவேண்டியிருப்பதால், விண்டோஸில் 3 முதல் 3.5 ஜி.பி. வரையே பயனாகும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்போ 2 ஜி.பி.க்கு மேல் ஏற்பதில்லை. அப்பதிப்பு உள்ள கணினியில் 4 ஜி.பி. வைத்துவிட்டு, "ஏமாந்தோம்" என்று வருந்துவதில் பயனில்லை. செயலி 64 பிட் வகையாக இருந்தால், 64 பிட் இயங்குதளத்தை நிறுவிய பின்னரே கூட்டிய நினைவகம் முழுவதும் கைக்கு வரும்.

மின்னழுத்தம் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 1.35 வோல்ட் வகைப் பலகை 1.5 வோல்ட் கணினியிலும் இயங்கும். ஆனால் 2013இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி கொண்ட மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டே தருவன. அவற்றில் பழைய 1.5 வோல்ட் பலகை எழாது. ஐயம் இருந்தால் 'எல்' எழுத்து உள்ளதையே வாங்குங்கள்.

மாற்றும் முறை

இனிச் செயலுக்கு வருவோம். வேண்டிய கருவி, தலை நன்கு பொருந்தும் சிறு திருப்புளி ஒன்றே.

முதலில் கணினியை முழுவதும் அணைத்து, மின்னூட்டியை எடுத்துவிடுக. பேட்டரியைக் கழற்றுக. பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டதாயின், மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை முதலில் நீக்குக. பின்னர், இயக்கும் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக.

உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே சில்லைக் கொன்றுவிடும். ஆகையால் பாலியெஸ்டர் விரிப்பின்மேல் வேலை செய்யாதீர்கள், மரமேசை நன்று. மண்ணோடு தொடர்புள்ள உலோகக் குழாயைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெரும்பாலான கணினிகளில் அடிப்பக்கத்துச் சிறுமூடியின் கீழ் நினைவகம் இருக்கும். டி60இல் அது கையைத் தாங்கும் மேற்பகுதியின் கீழ் உள்ளது. வேறு சிலவற்றில் ஒன்று அடியிலும் மற்றொன்று விசைப்பலகைக்குக் கீழும் இருக்கும். கழற்றிய திருகாணிகளைத் தாளில் கணினியின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் வைத்தால் மாறிப்போகா. நீளத் திருகாணி குட்டைத் திருகாணியின் இடத்தில் ஏறினால் தாய்ப்பலகையைத் துளைத்துவிடும்.

பலகையின் இருபுறமும் உள்ள கவ்விகளை விரல்களால் மெல்ல விலக்கினால் அது தானே சாய்வாக மேலெழும். ஓரங்களைப் பிடித்து, வந்த சாய்விலேயே இழுத்தெடுக்க வேண்டும். பொன்னிறத் தகடுகளை விரலால் தொடலாகாது. புதிய பலகையை வெட்டுப் பொருந்துமாறு சாய்வாகச் செருகி, தகடுகள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, பின்னர்க் கீழே அழுத்துக. கவ்விகள் 'க்ளிக்' என்ற ஒலியோடு பற்றிக்கொள்ளும். ஒத்த இரு பலகைகளை இரு செருகுமிடங்களிலும் வைத்தால் இரு வழியாகச் செய்தி ஓடும், வேகம் கூடும். வேகம் வெவ்வேறான இரண்டு பலகைகளை வைத்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். இரட்டை மாட்டு வண்டியைப் போலத்தான்.

கணினி எழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். 'மெம்டெஸ்ட்86+' என்னும் இலவசச் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழையும் காட்டாத பலகையே நம்பத்தக்கது. பழைய பொருள் வாங்கும்போது இது மிக இன்றியமையாதது.

எழாத கணினி

என் பள்ளி மாணவி ஒருத்தியின் கணினி ஒருநாள் எழவில்லை. திரை இருண்டு, ஒலி மட்டும் விட்டுவிட்டு வந்தது. ஒரு பழுதுபார்க்கும் கடையில் தாய்ப்பலகையே போய்விட்டது என்று கூறி, அவள் தந்தையின் ஒரு மாதக் கூலிக்கு மேற்பட்ட தொகையைக் கேட்டார்கள். எங்கள் அறிவியல் ஆசிரியர் மூடியைத் திறந்து, நினைவகப் பலகையை எடுத்து, அதன் தகடுகளை மாணவியின் பென்சில் ரப்பராலேயே மென்மையாகத் துடைத்து, துகள்களைத் தட்டிவிட்டு மீண்டும் செருகினார். கணினி எழுந்தது. ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றும் தூசியும் படிந்து, தொடுதகடுகளின் இணைப்பு விட்டுப்போனதே நோய்.

எல்லா நோயும் இவ்வாறு எளிதில் தீரும் என்று நான் கூறவில்லை. இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். இரண்டு செருகுமிடங்களையும் மாற்றிப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குக் காசு வேண்டா, பொறுமை வேண்டும். இதனைச் செய்தபின் கடைக்குச் செல்பவரை எவரும் எளிதில் மருட்ட இயலாது. நேர்மையான தொழிலாளர் எத்தனையோ பேர் நம் ஊர்களில் உள்ளனர். அறிந்து கேட்கும் வாடிக்கையாளரைக் கண்டால் அவர்கள் மகிழவே செய்வர்.

எப்போது செலவிடலாகாது?

சில மெல்லிய கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட மேக்புக் ஏர் முதல் இவ்வழக்கம் பரவியது. அவற்றில் கூட்ட இடமில்லை. பிற கணினிகளிலும், செயலி மிகப் பழையதாயின் நினைவகத்தைக் கூட்டுவதால் மட்டும் அது இளமை பெறாது. 2 ஜி.பி.யை 4 ஆக்குவது பெரும் மாறுதலைத் தரும். சாதாரண எழுத்துப் பணிக்கு 8ஐ 16 ஆக்குவது அத்தகைய மாறுதலைத் தராது. அப்பணத்தில் சுழலும் வன்தட்டை நீக்கித் திடநிலைச் சேமிப்பகம் வைத்தால் பயன் மிகுதி. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகங்களின் விலை உலகெங்கும் ஏறியது. ஆதலால் வாங்குவதற்கு முன், உடைந்த கணினிகளில் உள்ள நல்ல பலகைகளைத் தேடி எடுப்பதே அறிவுடைமை. சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. அங்குச் செல்வோர் பழைய பலகையைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்கவேண்டும்.

விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்பு 2020 சனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் முடிந்தன. விண்டோஸ் 11 பெரும்பாலான பழைய கணினிகளை ஏற்பதில்லை. ஆதலின் பழைய கணினிக்கு எளிய லினக்ஸ் இயங்குதளமே தக்க துணை. நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸை நிறுவிவிட்டால் படிவம் நிரப்பவும், தமிழில் தட்டெழுதவும், கணிதம், நிரலாக்கம் பயிலவும் அக்கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

என் வேண்டுகோள்

இறுதியாக, கழகத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: உறுப்பினர் இல்லங்களில் உறங்கும் மடிக்கணினிகளைக் கணக்கெடுத்து, வகை எண், நினைவகத் தலைமுறை, கொள்ளளவு, குறைபாடு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு வீட்டில் பயனற்ற பலகை மற்றொரு வீட்டின் கணினியை எழுப்பக்கூடும். இரண்டு: கோடை விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சி நடத்துங்கள். அதில் மாணவிகள் சரிபாதியாக இருக்கட்டும். திருப்புளி ஆணுக்கு மட்டும் உரியதன்று. மூன்று: கெட்டுப்போன பலகைகளையும் பேட்டரிகளையும் குப்பையில் எரிக்க விடாதீர்கள், அவற்றின் நச்சுப் புகை முதலில் தாக்குவது குப்பை மேட்டின் அருகில் வாழும் ஏழை மக்களையே. அவற்றை மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

மாணவச் செல்வங்களே! பிறர் செய்த பொருளை வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாதீர்கள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்; மூடியைத் திறந்து பாருங்கள். "இது உனக்கு விளங்காது, தொடாதே" என்று நம் முன்னோருக்குச் சொல்லப்பட்ட பொருள்கள் பல. ஏட்டைத் தொடும் உரிமைக்காக அவர்கள் பட்ட பாட்டின் பயனாகத்தான் இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கிறது. ஒட்டுத்தாளில் உள்ள எண்ணைப் படித்து, கணக்கிட்டு, சரியான பலகையைத் தேர்ந்து, தன் கையாலேயே பொருத்தி, இருண்ட திரையில் ஒளியைக் காணும் பிள்ளைக்கு எந்தக் கருவியின் முன்னும் அச்சம் எழாது. அந்த அச்சமின்மையே நினைவகத்தைவிடப் பெரிய ஆதாயம்.